சம்பந்தியம்மாவின் பெயரட்டை

“அந்த ஆறாவது விரலை மொதல்ல வெட்டித் தள்ளு,” என்றாள் இவெலிஸ்.

ஹெரிபெர்ட்டோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “எதைச் சொல்றே?”

“சுண்டு விரலுக்கு அந்தாண்ட நிக்குது பாரு, அது. பக்கத்து விரல்ல பட்டுடாம.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கணினித் திரையில் அழிப்பானை மெல்ல நகர்த்தினார். விரல் காணாமல் போனது. ஐந்து விரலோடு, கையில் காபிக் கோப்பையோடு, திரையில் சிரித்தார் மிக்டாலியா.

அவர்கள் மகனுக்கு நிச்சயமாகியிருக்கும் யாரிமாரின் அம்மா அவர். மலையூரான ஹயூயாவிலிருந்து கிறிஸ்துமஸ் விருந்துக்கு முதல்முறையாக வரப்போகிறார். அவரை அசத்திவிட வேண்டும் என்று இவெலிஸ் ஒரு திட்டம் போட்டிருந்தாள். ஒவ்வொரு பரிசுப் பொட்டலத்திலும் பெயரட்டை ஒன்று தொங்கும். அதில், பெறுகிறவரின் உருவமே ஓவியமாக இருக்கும். புகைப்படத்தைக் கொடுத்தால் ஏஐ வரைந்துவிடும். அவர்கள் ஊரான போன்சேயில் கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து அச்சடித்தால் போதும்.

இவெலிஸுக்கு எதுவும் கச்சிதமாக இருக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தால்கூட எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள்.

“அஞ்சு விரல்னு அந்த மெஷினுக்கு எத்தனை தரம் சொல்றது? ‘மன்னிக்கவும், சரிசெய்துவிட்டேன்’னு பவ்யமா சொல்லிட்டு மறுபடியும் ஆறு போடுது!”

“மத்த எல்லாருக்கும் ஒழுங்காத்தானே போட்டுச்சு? இவங்களுக்கு மட்டும் ஏன்?” என்றார் ஹெரிபெர்ட்டோ.

“உன்னை மாதிரிதான். வேலை முடியப்போற நேரத்துல சொதப்புது.”

சமையலறையில் வாழைக்காய் துருவிக்கொண்டிருந்த நெரெய்டா, ஹெரிபெர்ட்டோவின் தங்கை, எட்டிப் பார்த்தாள். “அண்ணி, அட்டைக்குப் பின்னால ‘வீட்டில் கையால் செய்தது’ன்னு வேற போட்டிருக்கீங்க. மெஷினுக்கு ஏது கை?”

“யோசனை என்னுது. மை என்னுது. ஓட்டை போட்டு ரிப்பன் கட்டுனது நான். அப்புறம் வீட்டுல செய்யாம விமானத்துலயா வந்துச்சு?”

“விரலை வெட்டுனது எங்க அண்ணன். அதையும் சேர்த்துப் போடுங்க,” என்றாள் நெரெய்டா.

விருந்தன்று மாலை, கொல்லையில் முழுப் பன்றி வெந்து வீதியே மணத்தது. மிக்டாலியா காரிலிருந்து இறங்கினார். தேங்காய்ப்பால் பாயசச் சட்டியைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். கூடவே யாரிமார்.

இவெலிஸ் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். சட்டியை நெரெய்டா வாங்கிக்கொண்ட மறுநொடியே, சம்பந்தியைக் கூடத்தில் உட்காரவைத்து, பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டாள். சாப்பாடு வரைக்கும் பொறுக்க அவளால் முடியவில்லை.

“பிரிக்காதீங்க சம்பந்தி! மொதல்ல அட்டையைப் பாருங்க. வீட்டிலயே செஞ்சது.”

மிக்டாலியா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “நான்தான். கம்மல்கூட அப்படியே இருக்கு. ஆனா இந்தக் கை…”

“அதைக் கேளுங்க!” இவெலிஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அந்த ஏஐ உங்களுக்கு ஆறு விரல் போட்டுடுச்சு. திரும்பத் திரும்ப ஆறு! பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. நான் விடுவேனா? உக்காந்து சரிபண்ணி, மனுஷக் கை மாதிரி ஆக்கிட்டேன்.”

கூடத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு சித்தப்பா கைகூடத் தட்டினார். யாரிமார் மட்டும் தரையைப் பார்த்தாள்.

மிக்டாலியா அட்டையை மேசையில் வைத்தார். பக்கத்திலேயே தன் வலது கையை விரித்து வைத்தார்.

சுண்டு விரலுக்கு அந்தப் பக்கம், சின்னதாக, நகத்தில் சிவப்புச் சாயத்தோடு, ஆறாவது விரல்.

சிரிப்பு அப்படியே நின்றது. கொல்லையில் நெருப்பில் கொழுப்பு சொட்டும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. ஹெரிபெர்ட்டோ தன் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“ஐயோ… நான்… மெஷின்தான் தப்பு பண்ணுதுன்னு…” என்று இழுத்தாள் இவெலிஸ்.

“அது பாவம், போட்டோவுல கண்ணால பார்த்ததைப் போட்டிருக்கு,” என்றார் மிக்டாலியா. குரலில் கோபம் இல்லை. அதுதான் இவெலிஸை இன்னும் சுட்டது. “எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. எங்க குடும்பத்துல பொண்ணுங்களுக்கு வழிவழியா வரும். எங்களுக்கு அது அதிர்ஷ்டம்.”

வழிவழியா. இவெலிஸின் கண் தானாக யாரிமாரிடம் போனது. யாரிமார் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்திருந்தாள். இவெலிஸ் உதடு அசையாமல் எண்ணினாள். இந்தக் கையில் ஐந்து. அந்தக் கையிலும் ஐந்து.

அவள் விட்ட நிம்மதிப் பெருமூச்சு எதிர் நாற்காலி வரைக்கும் கேட்டது. அந்த நாற்காலியில் இருந்தவர் மிக்டாலியா.

அவர் குனிந்து, சம்பந்தியின் கையைத் தன் ஆறு விரலாலும் ஆதரவாகப் பற்றிக்கொண்டார்.

“அவளுக்குக் கால்ல, சம்பந்தி.”