அதே கையோட

"யாரக் கேட்டு டீச்சர் எம்பேருக்கு நேரா கிறிஸ்தவர்னு எழுதினீங்க?"

அன்புச்செல்வி உட்காரவில்லை. திண்டிவனம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒலக்கூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, தான் படித்த கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளிக்குள் புயலாக நுழைந்திருந்தாள். கையில் தள்ளுபடியான மனு. கதவோரம் அவள் அம்மா கோவிந்தம்மாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியை லூர்துமேரிக்கு இந்த ஆண்டோடு ஓய்வு. பதறிப்போய் எழுந்தார்.

"இன்னாம்மா ஆச்சி? மொதல்ல தண்ணி குடி."

"தண்ணியா? நாங்க மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தற குடும்பம் டீச்சர். எஸ்.சி. சர்டிபிகேட்டு கேட்டா, ஒன் ரெக்கார்டுல கிறிஸ்தவர்னு இருக்கு, பி.சி.தான் தர முடியும்ன்றாங்க. விழுப்புரத்துல நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. எஸ்.சி. கோட்டா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள சர்டிபிகேட்ட காட்டலன்னா வேற யாருக்கோ போயிடும்."

"இவ்ளோ நாளா நீ பாக்கலியாம்மா?"

"பாத்தேன். கிறிஸ்தவப் பள்ளிக்கூடம்னா எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்கன்னு இருந்துட்டேன். இங்க எழுதினதுதான் ப்ளஸ் டூ வரைக்கும் கூடவே வந்துகினு இருக்கு." கையிலிருந்த மனுவை ஆட்டிக் காட்டினாள். "எங்கப்பா மூச்சுத் திணறி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டாரு. அன்னிக்கி நெனச்சது டீச்சர், நர்ஸாவணும்னு. இத எழுதின கை யாருதுன்னு தெரியணும். அவங்க மூஞ்சில நான் சாவற வரைக்கும் முழிக்க மாட்டேன்."

லூர்துமேரி பீரோவைத் திறந்தார். பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய சேர்க்கைப் பதிவேடு அடியில் கிடந்தது. தூசியைத் தட்டிப் புரட்டினார். நாற்பத்தேழாம் எண்ணில் விரல் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு கண்ணாடிக்கு மேலாகக் கோவிந்தம்மாளைப் பார்த்தார். கோவிந்தம்மாள் தரையைப் பார்த்தாள்.

"என் கையெழுத்துதாம்மா," என்றார் லூர்துமேரி. "அன்னிக்கி ஒரே கூட்டம். உனக்கு முன்னாடி நாலு புள்ளைங்க கிறிஸ்தவங்க. அதே கையோட உனக்கும் எழுதிட்டேன் போல."

"போலவா? எம்மாம் ஈஸியா சொல்றீங்க!" அன்புச்செல்வி மேஜையில் ஓங்கி அடித்தாள். "இங்க படிக்கறதுல பாதிப் பேரு நெத்தியில துன்னூறு பூசிக்கினுதானே வர்றாங்க? அவங்களுக்கெல்லாம் சரியா எழுதிட்டு எனக்கு மட்டும்... உங்க மதத்துக்கு ஆள் சேக்கறதுக்கா? எங்கம்மா கைநாட்டு. எது எழுதினாலும் தெரியாதுன்னுதானே?"

"ஐயோ, அப்படிச் சொல்லாத கண்ணு." முப்பத்திரண்டு வருட சர்வீஸில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"யம்மா, நீயாவது ரெண்டு வார்த்த கேளேன்! பேசாம நின்னுகினு இருக்கியே!"

கோவிந்தம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் லூர்துமேரி முந்திக்கொண்டார்.

"அவங்கள ஏம்மா இழுக்கற? தப்பு என்னுது. எழுதியே குடுத்துடறேன்."

பள்ளித் தாளில் எழுதினார். 'மேற்படி பதிவு எனது கவனக்குறைவால் நேர்ந்த பிழை.' கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தும்போது அது கோணலாக விழுந்தது.

"இத காட்டினா இன்னிக்கே சர்டிபிகேட்டு குடுத்துடுவாங்களா?"

லூர்துமேரி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்லம்மா. விசாரணை வெப்பாங்க. மேல ஆர்டர் வரணும். மாசக் கணக்கா ஆவும். அடுத்த வருஷத்துக்கு வேணும்னா..."

"அடுத்த வருஷமா?" அன்புச்செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. "அடுத்த வருஷம் நான் துணிக்கடையில நின்னுகினு இருப்பேன் டீச்சர். ரிட்டயர் ஆயி நீங்க ஊட்டுல நிம்மதியா இருங்க. நல்லா இருங்க."

தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். வகுப்பிலிருந்த பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

கோவிந்தம்மாள் மட்டும் நகரவில்லை. மஞ்சள் பை கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்படியே குனிந்து லூர்துமேரியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் டீச்சர்? ஏன் உங்க தலைமேல போட்டுக்கினீங்க? வேதக்காரப் புள்ளைங்களத்தான் இங்க சேத்துக்குவாங்கன்னு பயந்துகினு, பக்கத்து ஊட்டு ஜெசிந்தா கிட்ட சிலுவக் கயிறு எரவல் வாங்கி எம்மவ கழுத்துல மாட்டி, நாங்க வேதக்காரங்கன்னு வாய்கூசாம உங்ககிட்ட பொய் சொன்னவ நான்தானே!"

லூர்துமேரி அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"தெரியும். பதிவேட்டுல 'தாய் சொன்னபடி'ன்னு எழுதி, பக்கத்துலயே உன் கைநாட்டும் இருக்கு. சீட்டுதான் போயிடுச்சி, அம்மாவாவது அவளுக்கு இருக்கட்டும், போ."