தைக்குக் காத்திருந்த நடைபாதை

பழனிக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே போட்ட ஒரு நடைபாதை இருந்தது. தைப்பூசம் முடிந்துவிட்டால் அதன்மேல் காலடியே விழாது. அடுத்த கூட்டம் வரும்வரை அது வழிபார்த்துக் கிடக்கும்.

“என்ன தம்பி, உன் சாமிமார் இன்னும் வரலையா?” என்று நெடுஞ்சாலை தினமும் சீண்டும்.

கார்த்திகை மழையில் ஒருநாள், பாலத்தடியில் குட்டி போட்டிருந்த நாயின் இடத்துக்குள் வெள்ளம் புகுந்தது. அவள் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு சாலையின் விளிம்பில் ஓடினாள். லாரிகள் அவளை உரசுவதுபோலப் பறந்தன.

நெடுஞ்சாலை பதறிப்போனது. “தம்பி, அவளைக் கூப்பிடுடா! என்னால இவனுங்களை நிறுத்த முடியாது.”

“இந்தப் பக்கம் வா, தாயி!” என்று நடைபாதை கத்தியது.

அவள் தாவி வந்து, குட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கினாள். “இது சாமிங்க நடக்கிற இடமாச்சே. போன வருஷம் கம்பெடுத்து விரட்டினாங்களே.”

“நான் விரட்டலையே. போ, மத்ததையும் தூக்கிட்டு வா.”

மற்ற இரண்டு குட்டிகளும் நடைபாதையோரத்து வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தன.

மார்கழிப் பனியில், விடிந்தும் விடியாத வேளையில், முதல் பச்சை வேட்டி தெரிந்தது. அந்த வெறுங்கால் பட்டதும் நடைபாதைக்கு உடலெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் அது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது:

“கொஞ்சம் ஓரமாப் போங்க, சாமி. பிள்ளைங்க தூங்குது.”