அடிக்கிளை

தவிட்டுக்குருவிக் கூட்டம் தரையில் மேயும்போது ஒன்று மட்டும் இலந்தை மர உச்சியில் காவல் இருக்கும். வல்லூறு தெரிந்தால் மூன்று முறை நீட்டிக் கூவ வேண்டும் என்பது விதி. இளசுகள் அதை ஒரே வெட்டுக் கூவலாகச் சுருக்கிவிட்டிருந்தன. அப்படிக் கூவியவர்களை அன்று முழுக்க அடிக்கிளையில் உட்காரவைப்பாள் கூட்டத்தின் மூத்தவளான சாம்பி. நாள்தோறும் நீட்டிக் கூவிக் காட்டுவாள்.

“சேதி புரிஞ்சாப் போதாதா, பெரியம்மா?” என்றாள் அடிக்கிளையில் இருந்த பொரிச்சி.

“இன்னைக்கு இதைச் சுருக்குவீங்க. நாளைக்கு எல்லாத்துக்கும் ஒரே சத்தம்னு ஆயிடும்,” என்றாள் சாம்பி. அந்தப் பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது.

மறுநாள் சாம்பியின் காவல். வெயில் ஏறும் நேரத்தில் பனைகளுக்கு மேலே வல்லூறு வட்டமிட்டது. சாம்பி முறைப்படி நீட்டினாள். யாரும் தலை தூக்கவில்லை. இன்னொரு முறை நீட்டினாள். பெரியம்மா வழக்கம்போலக் கூவிக் காட்டுகிறாள் என்று பொரிச்சி மறுபடி புழுவைக் கொத்தப் போனாள். வல்லூறு இறக்கையை மடக்கிக் கீழே பாய்ந்தது.

மூன்றாவதைச் சாம்பி நீட்டவில்லை. வெட்டிக் கூவினாள். கூட்டம் மொத்தமும் முட்புதருக்குள் பாய்ந்தது. வல்லூறு இரை கிடைக்காமல் திரும்பியது.

புதரை விட்டு வெளியே வந்தபோது உச்சியில் யாரும் இல்லை. சாம்பி அடிக்கிளையில் உட்கார்ந்திருந்தாள்.

“மேல வாங்க பெரியம்மா. உங்க கூவலாலதான் பொழைச்சோம்,” என்றாள் பொரிச்சி.

“என் கூவல் இல்லடி, உங்களோடது,” என்றாள் சாம்பி. “பொழுது சாயட்டும், வர்றேன். இன்னைக்கு வரைக்கும் விதி விதிதான்.”