ஐயாவின் சைவம்

"மீன் கொழம்பா? நான் சைவமாச்சே, அம்சம்!"

பண்ணையார் வைரக்கண்ணு வாசலிலேயே நின்றுவிட்டார். குடிசைக்குள் தலைவாழை இலை போட்டு, பக்கத்தில் செம்பில் தண்ணீரும் வைத்திருந்தது. விரால் மீன் குழம்பின் வாசம் தெருக்கோடி வரை போயிருந்தது.

முந்தாநாள்தான் அம்சத்தின் ஒரே மகன் சாமிதுரையைப் பண்ணை ஆட்கள் வரப்பில் மடக்கி, ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுக் குறுவை அறுப்பை நிறுத்தியிருந்த சங்கத்துக்கு அவன்தான் தலைவன். அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பயலும் வாய் திறக்கவில்லை. இன்று விடிந்ததும்தான் பண்ணையாரிடமிருந்து சேதி வந்தது. அம்சம் சொன்னால் தெரு கேட்கும், நாளைக்கு எல்லாரும் அறுப்புக்கு இறங்கினால் பையன் வீடு வந்து சேர்வான் என்று.

"ஐயாவே நேர்ல வந்து சொல்லட்டும். வந்து, எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிடட்டும். அப்பதான் நம்புவேன்" என்று பதில் சொல்லி அனுப்பினாள். சாப்பிட்ட வீட்டுக்குக் கெடுதல் செய்ய எவனுக்கும் மனசு வராது என்பது அவள் எண்ணம். ஐயாவும் ஆகட்டும் என்றுதான் சொல்லியிருந்தார். உச்சி வெயிலில் வந்து நின்றுகொண்டு இப்போது சைவம் என்கிறார்!

சைவத்தில் அவளுக்குத் தெரியாத வகையா? பண்ணை மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளின காலத்தில் எத்தனை பார்த்திருக்கிறாள். பெரியம்மா வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத சைவம். சின்ன ஐயா செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம். டவுனில் படிக்கிற பேரன் முட்டை மட்டும் சாப்பிடுகிற சைவம். கணக்கப்பிள்ளை ஆடு கோழி தொடமாட்டார், மீன் கிடைத்தால் முள்ளைக்கூட விடமாட்டார், கேட்டால் அவரும் சைவம்தான். இந்த ஐயா எந்தச் சைவம் என்பதுதான் தெரியவில்லை.

"என்ன சைவமுங்க? கெழமைச் சைவம்னா இன்னிக்குப் புதன்தானே. புரட்டாசிச் சைவம்னா மாசமே முடிஞ்சு போச்சுங்களே."

"இது வேண்டுதல் சைவம். அடுத்த மாசம் திருக்கடையூர்ல எனக்கு அறுபதாங் கல்யாணம். அதுவரைக்கும் கவுச்சி கூடாது."

மேடை ஏறினால் சாமியே கிடையாது என்று முழங்குகிற மனுஷன், அறுபது வந்ததும் ஆயுளுக்காகத் திருக்கடையூருக்கு ஓடுகிறார். மற்ற நாளாக இருந்தால் அம்சம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"அதுக்கென்னங்க, கத்திரிக்கா கொழம்பும் வச்சிருக்கேன். மீன் கரண்டி படாத சட்டிங்க."

"வெங்காயம் போட்டிருப்பியே?"

"போட்டிருக்கேனுங்க."

"அதுவும் ஆகாது."

"அப்ப வெறுஞ் சோறும் தயிரும்?"

"இன்னிக்கு ஒருபொழுது வேற. காலையிலேயே சாப்பிட்டாச்சு."

"ஒருபொழுதுக்குப் பாலும் பழமும் ஆகுமுங்களே? ரெண்டும் இருக்கு."

பண்ணையார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பார்வை மட்டும் அவள் முகத்துக்கு வரவேயில்லை.

அம்சத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, உள்ளதைச் சொல்லுங்க. எங்க தெருச் சோறு தொண்டையில எறங்காதா? ஆட்சி மாறின புதுசுல பள்ளிக்கூடத்துல சமபந்தின்னு எங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டீங்களே, போட்டோகூட எடுத்தாங்களே. அன்னிக்கு எறங்குன சோறு இன்னிக்கு எறங்கலியா?"

"சீச்சீ! சாதி பாக்குறவனா நான்?" பண்ணையார் துண்டை உதறித் தோளில் போட்டார். "சாமிதுரை வரட்டும். அவன் பக்கத்துலயே உக்காந்து இதே மீன் கொழம்பைச் சாப்பிடுறேன். வேண்டுதலாவது ஒண்ணாவது! போதுமா?"

மகன் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கோபமெல்லாம் வடிந்துபோனது. பெற்ற மனசு, வேறென்ன செய்யும்? "நாளைக்கு வந்துடுவானுங்களா?" என்று கேட்டாள்.

"வந்துடுவான். நீ முதல்ல தெருவுக்குச் சொல்லு."

அம்சம் வாசலில் நின்றே சத்தம் போட்டாள். "ஏ வேம்பு, தங்கம்மா, எல்லாரும் கேட்டுக்குங்க! நாளைக்கு அறுப்பு. அருவாளைத் தீட்டி வைங்க!"

"அரைப்படி என்னாச்சு?" என்று ஒரு குரல் வந்தது.

"எம் புள்ள வந்து கேப்பான், உங்க அரைப்படியை!"

பண்ணையார் விறுவிறுவென்று வாய்க்கால் பக்கம் நடந்தார். மதகடியில் அவருடைய கார் நின்றது.

ஆக்கின சோறு அப்படியே இருந்தது. டிரைவர் பஞ்சநதமாவது சாப்பிடட்டும், அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே என்று அம்சம் ஒரு தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் போட்டு எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கார் இன்னும் கிளம்பவில்லை. பின்பக்கமாக நெருங்கியவளுக்குப் பஞ்சநதத்தின் குரல் கேட்டது.

"என்னங்கய்யா வேண்டுதல்? நேத்து ராத்திரிகூட முத்துப்பேட்டையில ஹபீப் முகம்மது வீட்டுல பிரியாணி சாப்பிட்டீங்களே. பாவம், அந்தம்மா எவ்வளவு கெஞ்சுது! மனசு நோகாம ஒரு வாய் வச்சிருக்கலாம்."

"போடா கூறுகெட்டவனே! நம்ம பயலுவ அடிச்ச அடியில அவ புள்ள காலையிலேயே போயிட்டான்டா" என்றார் பண்ணையார். "சாவு வீட்டுல எவன்டா சாப்பிடுவான்?"