பழைய பெட்டியின் கோளாறு

"யக்கா, இந்தப் பெட்டியை முதல்ல பழைய இரும்புக்காரன்ட்ட தூக்கிப் போடுங்க!"

வாக்கி டாக்கியை மேஜைமேல் டொக்கென்று வைத்தான் செந்தில்வேல். குற்றாலம் அருவிக்கரைக்குக் காவல் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் சூப்பர்வைசர். பின்னாலேயே யூனிஃபார்மோடு இசக்கிமணி. அந்த ஏஜென்சியின் சீனியர் காவலாளி.

தென்காசியில் வாக்கி டாக்கி சர்வீஸ் கடை வைத்திருக்கும் கல்யாணசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தம்பி, வந்ததும் வராததுமா?"

"செங்கோட்டை பெஞ்சமின் கடையில கம்ப்யூட்டர் மிஷின்ல போட்டுப் பார்த்தோம். செட்டு தங்கம்னு சொல்லுதான். நீங்க கழிச்சுட்டிய. பதிலுக்குக் கொடுத்த செட்டையும் கழிச்சிய. மத்தவன் செட்டெல்லாம் பாஸு, இந்த அண்ணாச்சி கையில இருக்கது மட்டும் ஃபெயிலா? அது என்ன ராசி?"

கல்யாணசுந்தரி பெட்டியைப் பார்த்தாள். பட்டாள ஏலத்தில் எடுத்த டெஸ்ட் பெட்டி. முள் மீட்டர், முஷ்டி அளவுக் குமிழ். காலையில் சாமி விளக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே அதன் சுவிட்சைப் போட்டுவிடுவாள். சூடேறினால்தான் அதற்குப் புத்தி வரும்.

பெட்டி 'கூ' என்று ஒரு சத்தத்தை வாக்கி டாக்கிக்கு அனுப்பும். குமிழைத் திருகத் திருக அந்தக் 'கூ' இரைச்சலுக்குள் முங்கிக்கொண்டே போகும். யாருடைய செட்டோ அவரே கேட்டு, சத்தம் காதில் விழுகிறவரை கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். கை சீக்கிரம் இறங்கினால் செட் ஃபெயில். அந்தக் கடையில் அதுதான் வழக்கம்.

"மேல தண்ணி கூடினா செட்டுலதான் தகவல் வரும். அதைக் கேட்டு விசில் ஊதி, குளிக்கிற ஜனத்தை வெளியேத்தறவரு அண்ணாச்சி. செட்டு இல்லன்னு அவரைக் கார் பார்க்கிங்ல நிறுத்தி வச்சிருக்கேன். பாவம்லா?" என்றான் செந்தில்வேல்.

இசக்கிமணி ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"என் மருமகன் கார்ல வந்தான் தாயி. 'மாமா, என்ன இங்கன நிக்கிய?'ன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? டோக்கனைக் கிழிச்சுக் கையில கொடுத்தேன்."

"பெட்டி பழசு தம்பி. தப்பாக் காட்டியிருக்கும்" என்றாள் கல்யாணசுந்தரி.

"இருக்கும்னு இழுக்காதீங்க."

"தப்பாத்தான் காட்டிட்டு."

"அப்ப இந்த சீசன் வேலை பூரா பெஞ்சமினுக்குத்தான்."

"சரி தம்பி."

"அடுத்த சீசனும்."

"சரி."

சண்டை போட வந்தவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேறு என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தான்.

"அண்ணாச்சி, நாளைக்குக் காலையில இருந்து நீங்க பழையபடி அருவிக்கரைதான். எதிர்த்தாப்ல மூசா கடையில டீ சொல்லுதேன், வாங்க."

அவன் முன்னால் போய்த் தெருவைத் தாண்டும்வரை கல்யாணசுந்தரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இசக்கிமணியின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு அருவிக்கரைக்குப் போகாதீங்க. முட்டு வலிக்கு, ஈரத்துல நிக்க முடியலன்னு சொல்லிருங்க."

இசக்கிமணிக்குச் சுள்ளென்று வந்தது.

"நல்லாருக்கே கதை! உன் ஓட்டைப் பெட்டி மானத்தைக் காப்பாத்த நான் நொண்டி ஆகணுமாக்கும்?"

"பெட்டியில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி."

"அப்ப செட்டுலயா? அதான் பெஞ்சமின் தங்கம்னு சொல்லிட்டானே!"

"செட்டும் தங்கம்தான்."

"பின்ன என்னத்துக்கு ஃபெயில் போட்ட?"

"நீங்க கையை இறக்குன பொறவும் அந்தக் 'கூ' நிக்கல அண்ணாச்சி. மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கு நல்லாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. செட்டை மாத்திக் கொடுத்தும் அப்படியேதான்."

இசக்கிமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பேசுறது கேக்கே தாயி."

"பேச்சு கேக்கும். இரைச்சலுக்குள்ள வர்ற சத்தம்தான் உங்களுக்குத் தப்பிப் போகுது. அருவிப் பக்கம் இரைச்சலைத் தவிர என்ன இருக்கு? மேல இருந்து கூப்பிடுவான், உங்களுக்கு விழாது. பச்சப் பிள்ளையளை வச்சுக்கிட்டு குளிச்சிட்டு நிப்பாளுவ."

இசக்கிமணி காதைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நாளாகவே வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டியதற்கு மனைவி ரெங்கம்மாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். டி.வி. சரியில்லை என்று அவரும் பதிலுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க ஆளுக பூராவும் சுத்தி நிக்கானுவ. எப்படிச் சொல்ல? காது டாக்டரைப் போய்ப் பாருங்க அண்ணாச்சி. மருந்தோ மிஷினோ, சரி பண்ணிட்டு வாங்க. நானே பாஸ் போடுதேன்."

எதிர்க்கடையிலிருந்து செந்தில்வேலின் குரல் வந்தது. மூசாவிடம், பழைய பெட்டியை வைத்து ஊரை ஏமாற்றும் பொம்பளையைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இசக்கிமணி எழுந்தார். "முட்டு வலின்னே சொல்லிருதேன்" என்று வாசல்வரை போனவர், நின்று திரும்பினார்.

"தாயி, காதுல கோளாறுன்னு தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிருவானுவ. செந்தில்வேல்ட்ட இதைப் பத்தி ஏதும் சொல்லிட்டியா?"

"சொல்லியிருந்தா, அவரு இம்புட்டு நேரம் என் பெட்டியையா திட்டிக்கிட்டு இருப்பாரு?"