மண் போடாத குழாய்

"மறந்துட்டேன். எத்தனை தரம் சொல்றது, மறந்துட்டேன்."

"நீங்களா? வீட்டைப் பூட்டிட்டு மூணு தரம் இழுத்துப் பார்க்கிறவரு, ஒரு குழாயை மறந்துட்டீங்களா?"

"கத்தாத. வெளியே கேட்கும்."

"கேட்கட்டுமே! எல்லாத்துலயும் மண்ணை அள்ளிப் போட்டீங்களே, ஒண்ணே ஒண்ணை வெறுமனே விட்டா என்ன கேடு?"

அவளுடைய இரண்டு கைகளும் முழங்கைக்கு மேல்வரை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டியில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைகள் வழியாகத்தான் உள்ளே எதையும் தொட முடியும். உள்ளே இருப்பது புளூட்டோனியம். சண்டை என்றாலும் கையை வீசிப் பேச வழியில்லை.

எதிரே நின்ற கணவரின் மூக்குக் கண்ணாடி சரிந்தது. அவர் பேச்சை நிறுத்தாமலே ஒரு விரலால் அதை மேலே தள்ளிவிட்டார்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே ஆய்வகம். அவர் மண்ணைப் படித்தவர், அவள் வேதியியல்.

குன்றிலிருந்து தோண்டி வந்த மண்ணைப் பிளாஸ்டிக் சோதனைக் குழாய்களில் போட்டு, புளூட்டோனியம் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கலக்கி, மண் படிந்த பிறகு மேலே நின்ற தண்ணீரை அவர் அளந்திருந்தார். தண்ணீரில் புளூட்டோனியம் துளியும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் மண் பிடித்துக்கொண்டுவிட்டது.

ஆகவே அந்தக் குன்றில் அணுக்கழிவைப் புதைக்கலாம். என்ன மழை பெய்தாலும் கீழே இருக்கும் ஏரிக்கு எதுவும் இறங்காது. அறிக்கை தயார். மதியம் ஆய்வகத் தலைவரான பெரியவர் வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் அவள் கேட்டாள், மண் போடாத குழாய் எங்கே என்று.

அளந்து முடித்த குழாயின் மூடியில் அவர் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார். பெட்டிக்குள் எல்லாக் குழாய்களும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன.

"களிமண்ணுக்கும் சுத்தம்னு வருது, மணலுக்கும் சுத்தம்னு வருது. ரெண்டும் ஒரே மாதிரி பிடிக்குமா? எனக்கே மண்ணுப் பாடம் எடுக்கிறவருக்குச் சந்தேகம் வரல?"

"நல்லது நடந்தா சந்தோஷப்படணும். உனக்குத்தான் அந்த வழக்கமே கிடையாதே."

"இந்தச் சனியன் பசை மாதிரிங்க. மண்ணைக் கண்டாலும் ஒட்டும், பிளாஸ்டிக்கைக் கண்டாலும் ஒட்டும். மண்ணே இல்லாத குழாய்லயும் தண்ணி சுத்தமா நின்னுச்சுன்னா, பிடிச்சது உங்க மண்ணு இல்ல, குழாயோட சுவரு. குன்றுக்குள்ள என்ன பிளாஸ்டிக்கா வெச்சிருக்கு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெரியவர் ஏற்கெனவே ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டாரு. இன்னொரு தரம் போய்த் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னா, மூட்டையைக் கட்டுன்னுடுவாரு. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்த ஏரியைத்தான் ஊரே குடிக்குது. நம்ம வீட்டுக்கும் அதுதான் வருது."

"தெரியும்."

"சரி, விடுங்க. இப்பவே ஒண்ணை மண்ணில்லாம கலக்கி வெச்சுடறேன், நாளைக்குத் தெரிஞ்சுடும். மறந்தது நான்னு பெரியவர்கிட்ட சொல்லிக்கிறேன். திட்டு எனக்கு விழட்டும்."

"வேண்டாம்."

"ஒரே ஒரு நாள்தானே!"

"வேண்டாம்னா விடேன்! உள்ளே கையை விட்டுக் குடையாத, எதையாவது கவுத்துடப் போற."

அவள் புதுக் குழாய் எடுக்க அதற்குள் கையைப் பின்பக்கம் நீட்டிவிட்டாள். கழிவு டப்பாவுக்குப் பின்னால், மூலையில், ரப்பர் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

ஒரு குழாய். அடியில் ஒரு பொடி மண்கூட இல்லை. வெறும் தண்ணீர்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வெச்சிருக்கீங்களே! அதானே பார்த்தேன், நீங்களாவது மறக்கிறதாவது. வெச்சுட்டு, வெச்சதைத்தான் மறந்து..."

அளந்துவிடலாம் என்று மூடியைத் திருப்பினாள்.

மூடியில் சிவப்புப் புள்ளி.

அவருடைய மூக்குக் கண்ணாடி சரிந்து நுனிக்கு வந்து நின்றது. விரல் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"தண்ணில எவ்வளவு இருந்துச்சுங்க?"