பாட்டுச் சத்தத்தில்

"டிக்கெட் இல்லாம உள்ளே விட முடியாதும்மா!" என்று காவலாளி கத்தினார். திடலில் பாட்டு காதைப் பிளந்தது.

அந்தப் பெண் இரும்புத் தடுப்பை விடவில்லை. "என் வீட்டுக்காரர் உள்ளே இருக்காரு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுக்கல!"

அடுத்து அவள் சொன்னது டிரம்ஸ் சத்தத்தில் அமுங்கிப்போனது. "கூட... பொண்ணு இருக்கா... அவளை இப்பவே கூட்டிட்டுப் போகணும்!" என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

காவலாளிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "குடும்பச் சண்டையை வீட்ல வச்சுக்கம்மா. இத்தனை பேர் முன்னாடி ஏன் மானத்தை வாங்குறே?"

"ஐயோ, நான் சொல்றதைக் கேளுங்கண்ணே!" அவள் தடுப்பில் ஏறப் பார்த்தாள். அவர் குறுக்கே வந்து மறித்தார். அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

சட்டென்று பாட்டு முடிந்தது. அவள் குரல் மட்டும் வாசலில் தனித்துக் கேட்டது.

"அவ என் மகதாண்ணே! அவளுக்குக் கிட்னி கிடைச்சிருக்குன்னு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாங்க. உடனே போகலைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்!"

காவலாளி மகளின் பெயரைக் கேட்டுக்கொண்டு மேடைக்கு ஓடினார். பாடகரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி அந்தப் பெயரைக் கூப்பிட்டார். "உனக்குக் கிட்னி வந்திருக்கும்மா! உடனே வாசலுக்கு வா!"

நடு வரிசையில் ஒல்லியான பெண்ணொருத்தி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பாடகர் மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"எல்லாரும் எந்திரிச்சு வழி விடுங்க. பாட்டு எங்கேயும் ஓடிப்போயிடாது."